பெனிசிலின் உங்களுக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் மருந்தாளராக வேலை பார்க்கும் எனக்கு, சீட்டை நீட்டும்போதே "பெனிசிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எச்சரிப்பவர்கள் நன்கு பழக்கமானவர்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால், சிறுவயதில் உடம்பெல்லாம் தடித்துப்போனதாக ஆயா சொல்லியிருந்தார் என்பது போன்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கிளினிக் அட்டை எத்தனை முறை மாறினாலும் சிவப்பு மையில் எழுதிய அந்த வரி மட்டும் புதிய அட்டைக்குப் பிசகாமல் வந்துவிடுகிறது.

மேலை நாடுகளில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரின் கோப்புகளில் இந்தக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அவர்களை முறைப்படி சோதித்தால், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எந்தத் தொல்லையும் இன்றிப் பெனிசிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். குழந்தைப் பருவத்துத் தடிப்புகளில் பல, மருந்தால் அன்றி, அப்போதிருந்த வைரஸ் காய்ச்சலால் வந்தவை. குமட்டலும் வயிற்றுப்போக்கும் பக்கவிளைவுகளே தவிர, அலர்ஜி அல்ல. உண்மையான அலர்ஜி இருந்தவர்களிலும், உடனடி எதிர்வினை வகையைச் சேர்ந்த சுமார் 80 சதவீதம் பேருக்கு 10 ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது.

எச்சரிக்கையாக இருப்பதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். கெடுதல் உண்டு என்பதே என் கருத்து. பெனிசிலினுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் மருந்துகள் பல நேரங்களில் பரந்த வீச்சுடையவை, அதாவது பலவகைக் கிருமிகளை ஒருசேரத் தாக்குபவை. குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் அழித்து, கடுமையான வயிற்றுப்போக்குக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அவை வழிவிடுகின்றன. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்கள் இன்னும் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் இது மேலும் முக்கியமானது: அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சத்தீன் பெனிசிலின் ஊசிக்கு நிகரான மருந்து இல்லை. கர்ப்பிணிக்குப் பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய் இருந்தால், வயிற்றில் உள்ள குழந்தையையும் காப்பாற்றும் என்று நிரூபணமான மருந்தும் பெனிசிலின் ஒன்றே.

சோதனை பெரும்பாலும் ஊசியோடு தொடங்குவதில்லை, கேள்விகளோடுதான் தொடங்குகிறது. எதிர்வினை கடந்த 5 ஆண்டுகளுக்குள் வந்ததா, மூச்சுத்திணறலோ முகவீக்கமோ கடுமையான தோல் பாதிப்போ இருந்ததா, அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டதா என்று கேட்டு, முதல் இரண்டுக்கும் தலா 2, மூன்றாவதற்கு 1 என மதிப்பெண் இடும் முறை ஒன்று உண்டு. மொத்தம் 3-க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. அத்தகைய பெரியவர்கள் ஏறத்தாழ 380 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தோல் சோதனை இல்லாமல் நேரடியாக வாய்வழி மருந்து கொடுக்கப்பட்ட குழுவிலும், தோல் சோதனைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட குழுவிலும், எதிர்வினை வந்தது தலா ஒருவருக்குத்தான்.

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத் தோல் சோதனை முதலில் வரும். முன்கையின் உட்புறத்தில் பெனிசிலின் கரைசலையும், ஒப்பீட்டுக்காக, அலர்ஜியின்போது உடலில் வெளிப்படும் பொருளான ஹிஸ்டமினையும் உப்புநீரையும் தனித்தனித் துளிகளாக வைத்து, துளியின் ஊடே தோலை லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் ஹிஸ்டமின் வைத்த இடம் கொசு கடித்தது போலத் தடித்து அரிக்க வேண்டும். அது தடிக்காவிட்டால், முந்தைய நாட்களில் அலர்ஜி மாத்திரை ஏதோ சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகிப்பார்கள். பெனிசிலின் வைத்த இடத்தில், உப்புநீர் வைத்த இடத்தைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் அதிகமாகத் தடித்தால் அலர்ஜி எனக் கொள்வார்கள். இல்லையெனில் தோலுக்குள் சிறிதளவு செலுத்திப் பார்த்து, கடைசியாகப் பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலினை வாய்வழியே கொடுத்து, கடுமையான எதிர்வினை வந்தால் போடவேண்டிய அட்ரீனலின் ஊசியைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாவது கண்காணிப்பார்கள்.

தோல் உரிந்து கொப்புளித்தவர்களுக்கும், மருந்தால் ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்தச் சோதனையே கூடாது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய கேப்ஸ்யூலை விழுங்கி வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் துணிச்சலும் யாருக்கும் வேண்டாம்.

சோதனையே தேவைப்படாதவர்களும் உண்டு. பெனிசிலின் ஆகாது என்று உறுதியாகச் சொல்லும் ஒருவர், சென்ற குளிர்காலத்தில் ஆக்மென்டின் முழுவதையும் சாப்பிட்டு முடித்தது கடைக் கணினியில் பதிவாகியிருக்கும். அதில் இருப்பது அமாக்சிசிலின், அதாவது பெனிசிலின் குடும்பத்து மருந்து. இப்படிப்பட்டவர் அந்த விவரத்தை மருத்துவரிடம் காட்டினாலே பழைய குறிப்பை நீக்க வழி பிறக்கும்.

அலர்ஜி இல்லை என்று தெரிந்த பிறகும், பழைய குறிப்பு ஏதாவது ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த முறை மருத்துவமனையில் சேரும்போது மீண்டும் தலைதூக்குவது சகஜம். ஆகவே முடிவைக் கடிதமாக எழுதி வாங்கி, குடும்ப மருத்துவர், மருத்துவமனை, மருந்துக்கடை ஆகிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வையுங்கள். கையில் எச்சரிக்கை வளையம் அணிபவராக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.