கட்டிலுக்கு அடியில் உருண்ட பாதரசம்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் என் தம்பியின் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க எடுத்த கண்ணாடித் தெர்மாமீட்டர், உதறும்போது கட்டில் சட்டத்தில் பட்டு உடைந்துவிட்டிருந்தது. "அண்ணி, பாதரசம் எல்லாம் தரையில ஓடுது. பாப்பா கையால தொட்டுட்டா. வாயில வச்சாளான்னு தெரியல" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் என்பதால் மருத்துவருக்கு முன்பாக என்னை அழைத்திருக்கிறாள். தம்பி விளக்குமாற்றைத் தேடிக்கொண்டிருக்கும் சத்தம் பின்னால் கேட்டது. நான் முதலில் சொன்னது, அந்த விளக்குமாற்றைத் தொட வேண்டாம் என்பதுதான்.

அந்த வீட்டில் அன்று எல்லோரும் பயந்தது குழந்தை பாதரசத்தை விழுங்கியிருக்குமோ என்றுதான். உண்மையில் தனிமமாக, திரவமாக இருக்கும் பாதரசத்தைக் குடல் உறிஞ்சுவது மிக மிகக் குறைவு. பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராமல், ஏறத்தாழ முழுவதும் மலத்தோடு வெளியேறிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தால் கண்ணாடிச் சில்லு உள்ளே போயிற்றா என்பதையே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆனால் அதே பாதரசம் தரை இடுக்கில் கிடந்து, நிறமும் மணமும் இல்லாத ஆவியாக மாறி மூச்சோடு உள்ளே போனால், நுரையீரலை அடைந்ததில் ஏறக்குறைய 80 சதவீதம் இரத்தத்தில் கலந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேருகிறது. வாய்க்குப் பயந்து மூக்கை மறந்துவிடுவதுதான் பாதரச விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அன்றிரவு அந்த அறையின் கதவும் சன்னலும் கொசுவுக்காக மூடப்பட்டிருந்தன என்பதைக் கேட்டபோது எனக்குக் கவலை வந்தது அதனால்தான்.

சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் பாதரசம். கழித்தல் 39 டிகிரி செல்சியஸ் அளவில்தான் அது உறையும். 357 டிகிரியில்தான் கொதிக்கும். கொதிநிலை அவ்வளவு உயரத்தில் இருப்பதால் அறை வெப்பத்தில் ஆவியாகாது என்று என் மாணவர்கள் நினைப்பதுண்டு. கொதிக்காமலே கொடியில் துணி காய்வதைப் போல, பாதரசமும் கொதிக்காமலே ஆவியாகிறது. 20 டிகிரியில் மூடிய அறையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 14 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். காற்றில் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரண்டுக்கும் இடையே பதினாலாயிரம் மடங்கு. அதோடு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆவியாகும் தன்மை இரு மடங்குக்கும் மேல் ஆகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுத் தரையில் சிதறிக் கிடக்கும் பாதரசத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது அரை கிராம் முதல் ஒரு கிராம் வரைதான் என்பதையும், உடனே ஒழுங்காக அகற்றிவிட்டால் அதனால் நிலையான கேடு வருவது அரிது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அகற்றும் முறையை அன்று தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றி, அடுத்த அறைக்கு அனுப்பியாயிற்று. வெளிப்பக்கச் சன்னல்களைத் திறந்து, உள்ளறைக் கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்தினார்கள். தம்பி மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையுறை இல்லாததால் நெகிழிப் பைகளைக் கையில் மாட்டிக்கொண்டான். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நேரே மேலிருந்து ஒளி பாய்ச்சினால் ஒன்றும் தெரியாத தரையில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் கட்டில் காலடியில் கடுகளவும் அதைவிடச் சிறியதுமாக இருபது முப்பது உருண்டைகள் மினுங்கியதாக அவன் சொன்னான். இரண்டு கெட்டி அட்டைகளால் அவற்றை மெல்லத் தள்ளினால் ஒன்றோடொன்று தொட்டவுடன் தாமாகச் சேர்ந்துகொள்ளும். சேர்ந்ததை இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, சிறிது தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் விட வேண்டும். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது. அடியில் படிந்துவிடும், மேலே நிற்கும் தண்ணீர் ஆவியைக் கட்டுப்படுத்தும். கண்ணுக்கு எட்டாத தூசு போன்ற துளிகளைச் செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்து, டேப், அட்டை, ஃபில்லர் எல்லாவற்றையும் இறுக்கி மூடும் பையில் போட்டுவிட்டார்கள்.

விளக்குமாற்றை ஏன் தடுத்தேன் என்றால், பெருக்கும்போது ஓர் உருண்டை நூறாக உடைகிறது. ஆவியாகும் பரப்பும் அதற்கேற்பப் பெருகுகிறது. அதே விளக்குமாறு மறுநாள் சமையலறைக்கும் போகும். வேக்குவம் கிளீனர் இன்னும் மோசம், சூடான காற்றோடு பாதரசத்தை வீடு முழுவதும் ஊதிவிடும். கழிவறையில் ஊற்றுவதும், பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடுவதும் அப்படித்தான்.

மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப்போகும், ஏனென்றால் இரண்டும் கலந்து இரசக்கலவை ஆகிறது. அதைத் தணலில் காட்டினால் பாதரசம் ஓடிவிட்டு மஞ்சள் நிறம் திரும்பும் என்பது பலருக்கும் தெரியும். ஓடிப்போகும் அந்தப் பாதரசம் நேரே மூச்சுக்குத்தான் வருகிறது. வீட்டு அடுப்பில் அப்படிச் செய்வது மிகவும் ஆபத்தானது; பத்தரிடம் கொடுத்தாலும் பாதரசம் பட்டது என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சூடாக்கிய பாதரச ஆவியை ஒருமுறை நிறைய உள்ளிழுத்தாலே இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை என்று சில மணி நேரத்தில் தொடங்கி நுரையீரலையே பழுதாக்கிவிடும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போனால் கை நடுங்கும், எழுத்துக் கோணலாகும், தூக்கம் கெடும், ஈறு வீங்கும், காரணமில்லாத எரிச்சலும் கூச்சமும் வரும், சிறுநீரில் புரதம் இறங்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு பத்துக் காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், பாதரசத்தோடு பழகும் இடத்தில் வேலை செய்கிறேன் என்று நோயாளியே சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமலே போகலாம்.

நான் படித்த பள்ளியில் பாதரசம் எங்களுக்கு விளையாட்டுப் பொருள். தாமரை பொறித்த மஞ்சள் இருபது பைசாவில் ஒரு சொட்டை விட்டு விரலால் தேய்த்தால் புத்தம்புது வெள்ளிக் காசுபோலப் பளபளக்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எங்கள் ஆய்வக உதவியாளர் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியைப் பாதரசத்தால் நிரப்பும்போது சிந்தியதை வெறுங்கையால் வழித்துப் புட்டியில் போடுவார். அவருக்கோ எங்களுக்கோ யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆசிரியையாக நான் பொறுப்பேற்ற பிறகு ஆய்வக மேசையின் விரிசல்களில் கந்தகப் பொடி தூவியபோது, சில இடங்களில் மஞ்சள் மெல்ல மெல்லப் பழுப்பானது; அங்கே பாதரசம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எத்தனை ஆண்டுகளாக அங்கே கிடந்ததோ, அந்த மேசையில் எத்தனை பிள்ளைகள் குனிந்து எழுதினார்களோ என்று அன்று முழுவதும் என் மனம் ஆறவில்லை.

அறியாமல் நடந்தது என்று பள்ளிக்கூடத்தை மன்னிக்கலாம். தொழிற்சாலைகளை அப்படி எளிதில் விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் குவிந்து கிடப்பது வெளிச்சத்துக்கு வந்ததும், ஹிந்துஸ்தான் லீவர் நடத்திய அந்த ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு அது உடன்பாடு செய்துகொண்டது 2016இல்தான், ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஆலைக்குக் கீழே இருக்கும் பாம்பார் சோலையின் மண்ணைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய் இதே தனிமத்தின் வேறொரு வடிவத்தால், ஆலைக் கழிவில் கலந்து மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசத்தால் வந்தது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதிசெய்தது. தெர்மாமீட்டர், பாதரச இரத்த அழுத்தக் கருவி போன்றவற்றைப் படிப்படியாக ஒழிப்பதும் அதில் அடங்கும். மேசை மேல் வைக்கும் பழைய இரத்த அழுத்தக் கருவி ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும். சிறு மருத்துவமனைகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம், நூறு தெர்மாமீட்டர்கள் ஒரே இடத்தில் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தம்பி மகள் நலமாக இருக்கிறாள். மறுநாள் குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிட்டோம். வீட்டில் இப்போது டிஜிட்டல் தெர்மாமீட்டர். அந்தப் புட்டியையும் பையையும் நான் வாங்கி வந்து, "பாதரசம் – திறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டி, வெயில் படாத பின்பக்கத் தாழ்வாரத்தின் மேல் பலகையில் வைத்திருக்கிறேன். உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்று 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதைப் பெற்றுக்கொள்ளும் மையத்தை உள்ளாட்சிதான் அமைக்க வேண்டும் என்றன. எங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டபோது, குப்பை வண்டியிலேயே போட்டுவிடுங்கள் என்றார்கள். அந்த வண்டியில் கையுறைகூட இல்லாமல் பிரித்தெடுக்கும் பெண்களை நான் தினமும் காலையில் பார்க்கிறேன். விதியின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் போகப் போகிறேன்.