காக்கி பேன்ட்டும் இரண்டு ஊக்கும்

என் அத்தை மகன் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு ஃபெடரல், அதாவது மத்திய அரசு, சிறையில் இருக்கிறான். மீடியம் செக்யூரிட்டி. வழக்கைப் பற்றி எழுதப் போவதில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த அத்தையை அங்கே கூட்டிப்போக நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

நாமாகப் போய் மனுப் போட முடியாது. உள்ளே இருப்பவன்தான் பார்வையாளர் படிவத்தை நமக்கு அனுப்ப வேண்டும். நிரப்பித் திருப்பி அனுப்பினால் நம் பின்னணியை விசாரிப்பார்கள். பெற்ற அம்மாவுக்குச் சிக்கல் இல்லை. என்னை 'கசின்' என்று எழுதினோம்; மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். அனுமதி கிடைத்ததை அவன்தான் ஃபோனில் சொன்னான். ஓர் அழைப்பு 15 நிமிடம்தான், அதற்குமேல் தானாகக் கட்டாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். நான் போட்டிருந்தது காக்கி பேன்ட். கைதிகளின் சீருடையும் காக்கி. படிவத்தோடு வந்த தாளில் இது தெளிவாக இருந்தது. அதை அத்தைக்குப் படித்துக் காட்டியவனே நான்தான்! வால்மார்ட்டைத் தேடிப் போய்க் கறுப்பு பேன்ட் மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் பத்து மணித் தலையெண்ணிக்கை தொடங்கிவிட்டது. எண்ணி முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடுவதில்லை.

அப்புறம் அத்தையின் முறை. இடுப்பு தெரிகிற உடை கூடாது என்பதால் சேலையை விட்டுச் சுடிதாரில் வந்திருந்தார். மெட்டல் டிடெக்டர் கத்தியது. துப்பட்டாவில் ஊக்கு. கழற்றினார். மறுபடியும் கத்தல். இன்னொரு ஊக்கு, தோள்பட்டைக்கு உள்பக்கமாக. காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் கண்ணுக்குத் தெரியாத மையால் முத்திரை குத்தி, ஒரு கதவு மூடிய பிறகே அடுத்த கதவைத் திறந்து விட்டார்கள்.

வந்ததும் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை கட்டிப்பிடிக்கலாம். முதல் முறையை அத்தை சீக்கிரம் விடவில்லை. முறுக்கு காரிலேயே கிடந்தது. தின்பதற்கு மெஷினில் வாங்குவதுதான். அதற்கான சில்லறையை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் கொண்டுபோக வேண்டும். அவன் காசைத் தொடக்கூடாது, மெஷின் பக்கமும் வரக்கூடாது.

"பரோல் எப்போ மக்கா?" என்றார் அத்தை. அங்கே பரோல் என்றால் சில நாள் விடுப்பு இல்லை, தண்டனை முடியுமுன்னே வெளியே விடுவது. ஃபெடரலில் 1987 நவம்பருக்குப் பின் செய்த குற்றங்களுக்கு அது கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியும். இதைச் சொன்னதும் பேச்சு நின்றுபோனது.

மச்சான்தான் பேச்சை மாற்றினான். 2004இல் சிகரெட்டைத் தடை செய்த பிறகு, உள்ளே கொடுக்கல் வாங்கலுக்கு மீன் பாக்கெட்தானாம்.

"என்ன மீனு?"

"நம்ம அயிலைம்மா."

"அப்போ அதைத் திங்கவே மாட்டியளா?"

"திம்போம். தேதி முடிஞ்ச பாக்கெட்தான் காசு."