டெட்டால் டப்பாவில் ஒரு கோப்ளின்

ஜனவரி 3, 2024

பிரையன் ஆன்செல் இறந்துவிட்டார். வருடக் கடைசியில் நடந்திருக்கிறது, எனக்கு இன்றுதான் தெரிந்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் மேசையில் நிற்கிற குட்டிப் பிசாசுகளில் முக்கால்வாசிக்கு அவர் தாத்தா முறை. போர் விளையாட்டுக்கான குட்டி உருவங்களை, மினியேச்சர்களை, வார்க்கிற கம்பெனிகள் நடத்தியவர்: முதலில் ஆஸ்கார்ட், அப்புறம் நியூவார்க்கில் சிட்டடெல், கடைசியில் வார்கேம்ஸ் ஃபவுண்ட்ரி. நாட்டிங்ஹாமைச் சுற்றி இத்தனை மினியேச்சர் பட்டறைகள் இருப்பதற்கு அந்த ஒரு மனிதர் பெரிய காரணம்.

ஆஸ்பத்திரிக் கடிதமும் இன்றே வந்தது. இடது கண் ஆபரேஷன். 23ஆம் தேதி, காலை ஏழரை.

ஜனவரி 5

குளியலறை ஓடுகளுக்கு நடுவே ஓடும் கோடு இன்னும் வளைந்துதான் இருக்கிறது. வலது கண்ணை மூடினால்.

ஜனவரி 7

பிஸ்கட் டின்னை மறுபடி மேசையில் கொட்டினேன். கோப்ளின், ஓர்க் என்று பச்சைப் பிசாசுகள், கோடரி ஒடிந்த குள்ளன் ஒருவன், யாருடையது என்றே தெரியாத ஒரு கை. எல்லாம் ஈயம். கையில் எடுத்தாலே தெரியும், அந்தக் கனம் இப்போது வருவதில் இல்லை. மேலே ஹம்ப்ரால் எனாமல், பூரிக்கு நெய் தடவியது மாதிரி தடவியிருக்கிறான் யாரோ. பையனாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கோப்ளினின் பிளாஸ்டிக் அடித்தட்டைத் திருப்பினால், ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகளும் 88 என்ற எண்ணும்.

அந்தக் கோப்ளினுக்கு இடது காது மட்டும் சிவப்பு. ஏன்?

ஜனவரி 11

உரிப்பதா வேண்டாமா.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பழைய மினியேச்சர் வாங்கினால் முதல் வேலை டெட்டால். அந்தப் பழுப்பு டெட்டாலேதான். ஒரு டப்பாவில் ஊற்றி முழுக அமுக்கி, இரண்டொரு நாள் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் முப்பது வருட எனாமலும் தோலாகக் கழன்று வரும். ஒரே கட்டுப்பாடு, தண்ணீரைக் காட்டக் கூடாது. காட்டினால் பெயிண்ட் பிசினாகி, பல்லிடுக்கிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். டெட்டாலிலேயே ஒருமுறை அலசிவிட்டு அப்புறம்தான் சோப்புத் தண்ணீர். இரண்டு நாளும் வீடு முழுக்கப் பிரசவ ஆஸ்பத்திரி வாசனை. மனைவி ஜன்னலைத் திறந்து வைப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் பெரிய பேச்சு.

ஆக, முறை தெரியும். டெட்டால் இருக்கிறது. டின்னில் உள்ள ஓர்க்குகளை உரிப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இந்த ஒன்றுதான்.

முகத்தை வைத்துச் சொன்னால் சிட்டடெல் சிற்பி கெவ் ஆடம்ஸ் கை. அவர் செய்த கோப்ளின்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆளைப் போலவே இருக்கும். ரேஷன் கடையில் முறைக்கிற ஆள், பேருந்தில் சீட்டுக்கு முண்டுகிற ஆள். இதன் முகம் எனாமலுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. உரித்தால் அவர் செதுக்கியது கிடைக்கும். ஆனால் அந்தப் பையன் வைத்த கண்கள் போய்விடும். இரண்டு புள்ளிகள், ஒன்று மேலே பார்க்கிறது, ஒன்று பக்கவாட்டில். 88இல் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஏதோ ஒரு வீட்டுச் சமையலறை மேசையில், பள்ளி விட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை வைத்திருக்கிறான். அந்த வருடம் நான் கும்பகோணத்தில் ப்ளஸ் டூ. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாது.

சேகரிப்பவர்கள் உலோகத்துக்குத்தான் விலை வைப்பார்கள், மோசமான பெயிண்டுக்கு இல்லை. சரிதான். ஆனால் அதே சிட்டடெல் அச்சிலிருந்து வந்த கோப்ளின் இந்த ஊரில் எத்தனையோ அலமாரியில் இருக்கும். இந்தச் சிவப்புக் காது ஒன்றுதான் உண்டு.

அப்புறம் பார்க்கலாம்.

ஜனவரி 15

பொங்கல். குக்கரில்தான். அம்மாவுக்கு வீடியோ போட்டோம். "கண்ணு என்னடா ஆச்சு" என்றாள். நல்லாத்தான் இருக்கு என்றேன். "எப்ப வரே?" அதற்குள் அண்ணன் போனை வாங்கிக்கொண்டான். அம்மா மெலிந்திருக்கிறாள்.

ஜனவரி 18

ஓக் அலமாரி விவகாரம். அவள் ஆசைப்பட்டு வாங்கியது, பழைய மரம், அழகுதான். கண்ணாடிக் கதவும் இருக்கிறது என்று என் பட்டாளத்தை அதில் நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. ஓக் மரம் எத்தனை வயதானாலும் அமிலத்தை மூச்சாக விட்டுக்கொண்டே இருக்கும், காடியில் இருக்கிற அதே அசெட்டிக் அமிலம். மூடிய அலமாரிக்குள் அது ஈயத்தில் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். அருங்காட்சியகங்கள் பழைய ஈயப் பொருள்களை ஓக் பெட்டியில் வைப்பதில்லை. பொடி ஊதக்கூட ஆகாது, நஞ்சு. இதைப் பொறுமையாகச் சொன்னேன்.

"அலமாரிக்கு வியாதின்னு சொல்றீங்க" என்றாள்.

ஜனவரி 22

தள்ளிப்போட்டுவிட்டார்கள். நேற்றுவரை ஒன்றும் இல்லை, இன்று மதியம் ஒரு போன், ரொம்ப மரியாதையாக. 30ஆம் தேதி. லீவு எடுத்தது, மகள் லீட்ஸிலிருந்து டிக்கெட் போட்டது, எல்லாம் மறுபடி. கத்த வேண்டும் போல இருந்தது. "பரவாயில்லை" என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 23

லீவு வீண் போகக் கூடாது என்று லென்டனுக்கு, வார்ஹாமர் வேர்ல்ட். கண்காட்சியில் ஒற்றைக் கண்ணால் சுற்றினேன். புதிய உருவங்களைக் கம்ப்யூட்டரில் செதுக்கி பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். துணி பறக்கிறது, கால் தரையில் இல்லை, முதுகில் மூன்று மண்டை ஓடு. திறமை இருக்கிறது, மறுக்க முடியாது. எனக்கு அலுக்கிறது. பழைய கோப்ளின் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும், கை அச்சுக்குள் அடங்க வேண்டுமே என்று உடம்போடு ஒட்டியிருக்கும். அந்த நெருக்கடியில்தான் முகத்துக்கு அவ்வளவு உழைத்தார்கள்.

ஒன்றும் வாங்கவில்லை. ஒரு பிரஷ் வாங்கினேன்.

ஜனவரி 29

இரவு. தூக்கம் இல்லை. கண் வரைந்து பார்க்கலாம் என்று ஒரு ஓர்க்கை எடுத்தேன். வின்சர் நியூட்டன் சீரீஸ் 7, ஒன்றாம் நம்பர். பூஜ்யத்துக்கும் கீழே போகிற குச்சிப் பிரஷ்கள் சுத்த வீண், முனைக்கு வருவதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடும். நல்ல முடி என்றால் ஒன்றாம் நம்பரே போதும்.

வலது கண்ணால் பார்த்தால் ஓர்க்குக்கு முகம் உண்டு. இடது கண்ணால் பார்த்தால் தோள் உண்டு, தலைக்கவசம் உண்டு, நடுவில் ஆள் இல்லை.

ஜனவரி 31

(மகள் எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொன்னது: "முடிந்தது. தரை நன்றாக இருக்கிறது.")

பிப்ரவரி 2

(இதுவும் நான்தான்.) மணிக்கு ஐம்பது நிமிடம் குனிந்தே இருக்க வேண்டும், பத்து நிமிடம் விடுதலை. மணிக்கட்டில் பட்டி. கண்ணுக்குள் வாயு இருக்கிறது, இன்னின்ன மயக்க மருந்து தரக் கூடாது, விமானம் ஏறக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. அப்பா அதை வாசிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்கிறார். விமானம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்.

ஓர்க்குகளை டெட்டாலில் போடச் சொன்னார். செய்கிறேன்.

பிப்ரவரி 4

போன் தரையில் கிடக்கிறது, நானே பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பிழைகளை மகள் திருத்துவாள்.

குனிந்தே இருப்பதால் சுவாமிமலை ஞாபகம். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் கூட்டிப்போய் ஸ்தபதி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போவார். அங்கே எல்லோரும் குனிந்துதான் இருப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவது, சுட்டு மெழுகை ஓட விடுவது, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம். அப்புறம் மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். அச்சும் போச்சு, மெழுகும் போச்சு. ஒரு மெழுகுக்கு ஒரே சிலை.

சிட்டடெலில் நேர் எதிர். சிற்பி புட்டி என்கிற களிம்பில் ஒன்றே ஒன்று செய்வார். அதை ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து வெப்பத்தில் அழுத்தி அச்செடுத்து, சுழலும் எந்திரத்தில் வைத்து ஈயக் கலவையை ஊற்றுவார்கள். சுழற்சியின் வேகத்தில் உலோகம் மூக்கு நுனிவரை ஓடும். அச்சு தேயும்வரை அதே கோப்ளின் வந்துகொண்டே இருக்கும்.

கண்ணும் அப்படியே. அங்கே கண் திறப்பது கடைசி, அதற்கு நாள் பார்ப்பார்கள். இங்கே பெயிண்ட் அடிப்பவர்களில் நிறையப் பேர் கண்ணைத்தான் முதலில் வைப்பார்கள், தப்பினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் மூடிவிடலாம் என்று. நானும் அப்படித்தான். இனிமேல்

பத்து நிமிடம் வந்துவிட்டது.

பிப்ரவரி 5

மைக்கேல் பெர்ரியை நினைத்துக்கொண்டேன். இரட்டையரில் ஒருவர், சிட்டடெலுக்காகத் தம்பதி சமேதராக இல்லை, சகோதர சமேதராக ஆயிரக்கணக்கில் செதுக்கியவர்கள் அவர்கள். 1996இல் பிரான்சில் பழைய போரை நடித்துக் காட்டப் போன இடத்தில் பீரங்கி விபத்து, வலது கை போயிற்று. இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டு இன்றுவரை செய்கிறார். இதை ஆறுதலுக்கு எடுத்துக்கொள்ள முயன்றேன். கழுத்து வலிக்கிறது.

பிப்ரவரி 6

டின்னில் இருந்த எல்லாவற்றையும் மகள் டெட்டாலில் போட்டுவிட்டாள்.

எல்லாவற்றையும்.

பிப்ரவரி 7

யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 8

அவள் மேல் என்ன தப்பு? பச்சையாக இருப்பதெல்லாம் அவளுக்கு ஓர்க்தான். இரவு அவளே டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, துணியில் பரப்பி, என் நாற்காலிக்குக் கீழே தரையில் கொண்டுவந்து வைத்தாள். குனிந்தபடியே பார்க்கட்டும் என்று. "அப்பா, இதுக்குப் பல் இருக்கு, பாருங்க."

லென்ஸை வாங்கி வலது கண்ணில் வைத்துப் பார்த்தேன். பல் மட்டுமா. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் ஒரு மரு. நெற்றியில் மூன்று சுருக்கம், அதில் நடுச்சுருக்கம் பாதியில் உடைகிறது. முப்பத்தைந்து வருடமாக இந்த முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் சிரித்தேன், தையல் இழுக்கும் என்று அவள் பயந்தாள்.

இடது காது மடிப்பில் சிவப்பு கொஞ்சம் தங்கியிருக்கிறது. ஊசியால் எடுத்துவிடவா என்று கேட்டாள். தொடாதே என்றேன்.

பிப்ரவரி 13

கோடு தெரிய ஆரம்பித்திருக்கிறது. மேலே வெளிச்சம், கீழே வாயுக் குமிழி, தலையை ஆட்டினால் கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஆடுகிறது. கோட்டுக்கு மேலே தெரிகிற கீற்றில் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். நேராக இருக்கிறதா, அல்லது நேராக இருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறேனா?

பிப்ரவரி 14

அண்ணன் போன். அம்மாவை மறுபடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "நீ அவசரப்படாதே" என்றான். அவன் அப்படிச் சொன்னால் அவசரம் என்று அர்த்தம்.

விமானம் மேலே போகப் போக உள்ளே காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் குமிழி பெருக்கும். பெருத்தால் கண் தாங்காது. எனக்கே விளக்கத் தெரிகிறது. விளக்கிக்கொண்டே இருக்கிறேன். அண்ணனுக்கு, அண்ணிக்கு, தூக்கத்தில் எனக்கு.

கப்பலில் போனால்?

பிப்ரவரி 16

குமிழி: பாதிக்குக் கீழே. அம்மா: இட்லி சாப்பிட்டாளாம்.

பிப்ரவரி 17

குமிழி: அதே. அம்மா: தூங்குகிறாள்.

பிப்ரவரி 21

உட்காரலாம். கோட் டி ஆர்ம்ஸ் பச்சை வரவழைத்திருந்தேன். சிட்டடெல் ஆரம்பத்தில் விற்ற பெயிண்டைச் செய்த அதே மான்செஸ்டர் கம்பெனி செய்வது, அந்தக் காலப் பச்சை இதில்தான் கிடைக்கும். அறுகோண டப்பா வேறு. மூடியைத் திறக்கவே இரண்டு பேர்.

கோப்ளினுக்கு அண்டர்கோட் அடித்தேன், தோலுக்கு முதல் பூச்சு. தூரம் பிடிபடவில்லை. பிரஷ் முனை உருவத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்தால் இன்னும் காற்றில் இருக்கிறது. பச்சையில் பாதி என் கட்டைவிரலில். ஆனாலும் இன்று நல்ல நாள். கண்ணை வைக்கவில்லை, கடைசியில்தான்.

காதைச் சுற்றி விட்டுவிட்டு அடித்தேன்.

பிப்ரவரி 24

ஓக் அலமாரியில் மனைவி பட்டுப்புடவைகளை அடுக்கிவிட்டாள். புடவைக்கு அமிலம் ஆகாது என்று சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். சொல்லவில்லை. என் பட்டாளம் பிளாஸ்டிக் பெட்டியில், கட்டிலுக்கு அடியில்.

பிப்ரவரி 25

அம்மா என்னைக் கேட்டாளாம். பெயர் சொல்லி இல்லை, "சின்னவன்" என்று.

பிப்ரவரி 28

குமிழி இப்போது ஒரு மிளகு அளவு. குனிந்தால் நடுவில் வந்து நிற்கிறது. இன்று காலை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொல்வார். சென்னை டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டாமல் மூடி, மறுபடி திறந்தால் விலை ஏறியிருக்கிறது. திருச்சிக்கு கொழும்பு வழியாகவும் பார்க்கிறேன்.

கோடரி ஒடிந்த குள்ளனுக்கு ஒரு ஜோடி கிடைக்கும் போலிருக்கிறது. டெர்பியில் ஒருவர் வைத்திருக்கிறார், பெயிண்ட் இல்லாதது, அடித்தட்டோடு. பதினெட்டு பவுண்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். பதினைந்து என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.