வெள்ளை நாடா

ராணுவத்தின் இன்ஜினியர் படையில் இருந்து ஓய்வுபெற்ற சாப்பர்கள் சிலர் சேர்ந்து என்னிடம் ஓர் ஓவியம் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் இத்தாலிக்குப் போனதன் நினைவாக, அவர்கள் கூடும் ஹாலில் மாட்ட. ஆறடிக்கு நாலடி கேன்வாஸ்.

யாரை வரைவது என்பதில் பேச்சே இல்லை. காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன்தான். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே கண்ணிவெடி தேடும் குழுவோடு போனவர், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் பாய்ந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள்.

அவர் பாயும் காட்சிதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தீயும் புகையுமாக. எனக்கு மனசு ஒப்பவில்லை. கேன்வாஸில் தீ வைத்தால் கண் தீக்குத்தான் போகும், ஆள் நிழலாகிவிடுவார். பாயும் உடம்பு என்றால் சினிமா போஸ்டர் ஞாபகம் வேறு வந்து தொலைக்கும். அதைவிட, அந்தக் குளிர்காலம் முழுக்க சாப்பர்கள் செய்த வேலையே படத்தில் இருக்காது.

அந்த வேலை மெதுவான வேலை. முன்னால் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிடெக்டரைத் தரைக்கு மேல் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறினால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருவர் மண்டியிட்டு பயனெட் முனையால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்ப்பார். பின்னால் வருபவர் சுத்தமான பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே வருவார். ஜெர்மானியர்களின் ‘எஸ்’ வகைக் கண்ணிவெடி, மிதித்தால் சில விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எகிறித்தான் வெடிக்கும். மண்ணுக்கு வெளியே தெரிவது மூன்று மெல்லிய கம்பிகள் மட்டும். அவற்றை ஒரு புல் கொத்துக்குள் வைத்தேன். தேடினால்தான் கிடைக்கும்.

சரி, தொப்பிக்கு வருவோம். மெட்ராஸ் சாப்பர்களுக்கே உரிய தொப்பிக்கு டூப்டா என்று பெயர். “தம்பி, டூப்டா இல்லேன்னா மெட்ராஸ் சாப்பர்னு எப்படித் தெரியும்?” என்றார் ஓவியம் கேட்டவர்களில் ஒருவரான சுபேதார் மேஜர் ஐயா. “ஐயா, அது பரேடுக்கு. கண்ணிவெடிக்கு நடுவுல இரும்புத் தொப்பிதானே?” என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் போனில், “முகத்துல தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

முகத்தில்தான் அதிகம் உழைத்தேன். மழைக்கால இத்தாலி வெளிச்சம் சாம்பல் நிறம். அதில் நம் கறுப்புத் தோலை வெறும் பழுப்பில் தீட்டினால் மண்பொம்மை மாதிரி நிற்கும். கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் வானத்தின் நீலம் மெல்லிசாக ஏற வேண்டும். பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரீன் கலந்து அதைப் பிடித்தேன். காக்கி சுலபம், மஞ்சள் ஓக்கரில் துளி கறுப்பு விட்டால் தானே பச்சை தட்டும்.

சுப்பிரமணியன் நடுவில் இல்லை. இரண்டாம் ஆளாக, டிடெக்டர்காரரின் தோளுக்குப் பின்னால், தரையைப் பார்த்தபடி நிற்கிறார். கீழே ஒரு பித்தளைத் தகடு, அதில் பெயர், தேதி, இடம். டூப்டாவையும் தகட்டில் பொறித்தாயிற்று, ஐயாவுக்காக.

இப்போது அடுத்ததையும் கேட்கிறார்கள். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், பசந்தர் ஆற்றங்கரையில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகளுக்காக மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட் கண்ணிவெடி வயலில் வழி திறந்தது. அதில் இருந்தவர்களே இரண்டு பேர் இந்தக் குழுவில் உண்டு. ட்ரால் என்ற கண்ணிவெடி அகற்றும் கருவி பூட்டிய டாங்கி எந்தப் பக்கம் நின்றது என்பதில் இருவருக்கும் ஏற்கெனவே சண்டை. அது தீரும்வரை நான் பென்சிலைத் தொடுவதாக இல்லை.