எல் சால்வடோரும் பிட்காயினும்

2021 செப்டம்பர் 7 அன்று மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர், இணையத்தில் மட்டுமே புழங்கும் கிரிப்டோ நாணயமான பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கியபோது நானும் நம்பிக்கையோடுதான் பார்த்தேன். அமெரிக்காவில் உழைக்கும் சொந்தங்கள் அனுப்பும் டாலரில்தான் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதைப் பிட்காயின் வழியாக அனுப்பி, கமிஷனாகப் போவது மிச்சமானால் எவ்வளவு நல்லது!

ஆனால் அந்த முயற்சி தோற்றுவிட்டது என்றே சொல்வேன். பிட்காயின் அனுப்பவும் பெறவும் அரசு வெளியிட்ட 'சீவோ' என்ற செயலியை இறக்கியவர்களுக்கு 30 டாலர் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் அதைச் செலவழித்துவிட்டுச் செயலியை மறந்துபோனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு நூறு டாலரிலும் கிரிப்டோ வழியாக வந்தது இரண்டு டாலர்கூட இல்லை.

தெருவோரம் பூபூசா என்ற சோள மாவு ரொட்டியைச் சுட்டு விற்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் 60,000 டாலரைத் தாண்டியிருந்த ஒரு பிட்காயினின் விலை, அடுத்த நவம்பரில் 17,000-க்கும் கீழே போனது. இன்று வாங்கிய காசு நாளை மாவு வாங்கப் போதுமா? அவர் டாலர் நோட்டையே கேட்டதில் தப்பே இல்லை.

சரி, அரசு வாங்கி வைத்த பிட்காயின் அப்புறம் விலை ஏறியது உண்மைதான். அது கஜானாவுக்கு லாபம், கடைத்தெருவில் புழங்கும் பணமாகிவிடாது. கடைசியில் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பிடம் 1.4 பில்லியன் டாலர் கடனுக்காக 2025 ஜனவரியில் சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது கடைக்காரர் பிட்காயின் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. வரியையும் அதில் கட்ட முடியாது.