சான்றிதழில் உள்ள எண்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சிட்டி கவுன்சிலில் (மாநகராட்சியில்) வேலை என்றால் குப்பை வண்டி, வீட்டு வரி, பள்ளம் விழுந்த ரோடு பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். கால்பந்து மைதானத்துக்குள் எத்தனை பேரை விடலாம் என்று தீர்மானிப்பதும் கவுன்சில்தான் என்றால் வியப்பாகப் பார்ப்பார்கள். நான் பார்த்த வேலைகளில் என்னை அதிகம் பாதித்தது அதுதான்.

இங்கே பெரிய கிளப்புகள் இரண்டு. பிரமால் லேனில் யுனைடெட், ஹில்ஸ்பரோவில் வென்ஸ்டே. மைதானத்தை நடத்துவது கிளப். பாதுகாப்புச் சான்றிதழ் கொடுப்பது கவுன்சில். 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு, 1975-ல் வந்த சட்டம் இது.

நாற்காலிகளை எண்ணினால் போதாது. கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, ஆட்களை நிர்வகிக்கும் ஏற்பாடு எப்படி என்று பார்த்து இரண்டுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் போடுவோம். குறைவான மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். 4,000 இருக்கை, மதிப்பெண் 0.8 என்றால் 3,200 பேர். கூட்டத்தை வழிநடத்தும் ஊழியர்களான ஸ்டூவர்டுகளுக்குச் சரியான பயிற்சி இல்லையென்றால் நல்ல நாற்காலிகளும் காலியாகத்தான் கிடக்கும். அப்புறம் நுழைவாயில் கணக்கு, வெளியேறும் கணக்கு, அவசரமாக வெளியேற்றும் கணக்கு. எல்லாவற்றிலும் எது மிகக் குறைவோ அதுதான் சான்றிதழில் ஏறும்.

இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு 1989 ஏப்ரல் 15 நினைவுக்கு வரும். ஹில்ஸ்பரோவில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. மைதானத்தின் லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அவர்களில் ஒருவர் 32 ஆண்டுகள் பாதிப்போடு வாழ்ந்து 2021-ல் இறந்தார். போலீசின் தவறுகள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். கவுன்சில் ஊழியனான என்னை உறுத்துவது சான்றிதழ். அதை 1979-ல் அப்போதைய கவுண்டி கவுன்சில் கொடுத்தது. அதன் பிறகு டெரஸில், அதாவது நின்று பார்க்கும் படிக்கட்டுப் பகுதியில், கம்பித் தடுப்புகள் போட்டுக் கூண்டுகளாகப் பிரித்தார்கள். எண் மட்டும் 10,100 என்றே இருந்தது; எந்தக் கூண்டில் எத்தனை பேர் என்று அதில் இல்லை. 1986-ல் கவுண்டி கவுன்சிலைக் கலைத்தபோது பொறுப்பு சிட்டி கவுன்சிலுக்கு வந்தது. அப்போதும் யாரும் அதைத் திருத்தவில்லை. அந்த டெரஸுக்கு வந்த 10,100 பேருக்கும் இருந்தவை ஏழு சுழல்கதவுகள். ஒரு கதவில் மணிக்கு 660 பேர் என்ற இன்றைய வரம்பை வைத்துப் பார்த்தால், எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். அதுதான் தாங்க முடியவில்லை.

அதனால்தான் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், கிளப் என எல்லோரும் உட்காரும்போது, "போன வருஷம் இருந்ததுதானே" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. ஒரு கதவை மாற்றினாலும், ஒரு கம்பியை நகர்த்தினாலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

2022-லிருந்து இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் இரண்டு பிரிவுகளின் மைதானங்களில், கம்பி வைத்த இருக்கைகளின் முன் நின்று பார்க்க உரிமம் பெறலாம். ஓர் இருக்கைக்கு ஒருவர்தான். நின்று பாடிக்கொண்டே ஆட்டம் பார்க்கும் ஆசை ரசிகர்களுக்கு நியாயமானது; எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த விண்ணப்பம் எந்தக் கிளப்பிலிருந்து வந்தாலும், வரைபடத்தோடு ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பக் கூடாது என்று புதிதாகச் சேர்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.