லைஃப் டே கேசட்டுக்கு மூன்று ஓட்டம்: 1978 ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷலை டிஜிட்டலுக்கு மாற்றிப் பார்த்த குறிப்புகள்

1978-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போன இந்த நிகழ்ச்சிக்கு இன்று மிஞ்சியிருப்பது அன்றிரவு வீடுகளில் பதிந்த விஎச்எஸ் வீடியோ கேசட்டுகளும் அவற்றின் நகல்களும்தான். கேசட்டின் முதுகில் ‘1978 ஒரிஜினல்’ என்று பேனாவில் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். டெக்கில் போட்டு, முகப்பில் எந்த வேகம் விழுகிறது என்று பாருங்கள். எஸ்பி (வழக்கமான வேகம்) அல்லது எல்பி (அதில் பாதி) என்றால் ஒரிஜினலாக இருக்க வாய்ப்பு உண்டு. இபி (மூன்றில் ஒரு பங்கு வேகம்) என்று காட்டினால் அது நகல்தான். 1978 நவம்பரில் அமெரிக்க வீடுகளில் இருந்த விஎச்எஸ் டெக்குகளில் அந்த வேகமே கிடையாது. ஹை-ஃபை ஒலித்தடம் இருந்தாலும் அப்படியே, அது எண்பதுகளில் வந்த சங்கதி.

அடுத்த சோதனை படத்தின் அடிவிளிம்பு. விஎச்எஸ் படத்தின் கடைசி ஏழெட்டுக் கோடுகள் எப்போதும் கோணலாக இழுபடும். நாடாவைப் படிக்கும் ஹெட் ஒன்று விட்டு இன்னொரு ஹெட் படிக்கத் தொடங்கும் இடம் அது. ஒருமுறை நகல் எடுத்தால் பழைய கோணலும் படத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும், அதற்குப் பக்கத்தில் புதுக் கோணல் ஒன்று வரும். எத்தனை அடுக்கு என்று எண்ணினால் எத்தனாவது தலைமுறை நகல் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு மூன்று கேசட்டுகள். ‘அ’: எல்பி வேகம், அடியில் ஒரே அடுக்கு, ஆனால் பூஞ்சை. ‘ஆ’: எஸ்பி வேகம், பார்க்கப் பளிச்சென்று இருக்கும், எண்ணினால் மூன்று அடுக்கு. ‘இ’: இபி வேகம், ஹை-ஃபை ஒலி. வேகத்தை மட்டும் பார்த்து ‘ஆ’தான் சிறந்தது என்று முடிவு கட்டுவது எல்லாரும் செய்கிற தப்பு. ஒரே அடுக்குள்ள ‘அ’தான் அசலுக்கு அருகில்.

நிகழ்ச்சி என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே மாதம் வந்தது. அடுத்த படம் வருவதற்குள் சூடு ஆறிவிடக் கூடாதென்று, 1978 நவம்பர் 17 வெள்ளிக்கிழமை இரவு சிபிஎஸ் தொலைக்காட்சியில் இரண்டு மணி நேரப் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்று போனது. படத்தில் வரும், உடம்பெல்லாம் ரோமம் மூடிய வூக்கி இனத்தவன் சூபாக்கா, தன் இனத்தின் பண்டிகையான ‘லைஃப் டே’ கொண்டாட வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டில் மனைவி மல்லா, அப்பா இட்சி, மகன் லம்பி காத்திருக்கிறார்கள். இதுதான் கதை. இடையிடையே பாட்டு, சர்க்கஸ், ஹார்வி கோர்மனின் நகைச்சுவைத் துண்டுகள், மதுக்கடைக்காரியாக பீ ஆர்தர் பாடும் பாட்டு, ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் இசைக்குழு. தொடக்கத்தில் பல நிமிடங்களுக்கு வூக்கிகள் உறுமிக்கொண்டே இருப்பார்கள், கீழே எழுத்தும் வராது. விமர்சகர்கள் கிழித்தார்கள். அமெரிக்காவில் மறுஒளிபரப்பே நடக்கவில்லை, முழு நிகழ்ச்சி கேசட்டாகவோ டிஸ்க்காகவோ கடைக்கு வரவும் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அன்றிரவு யாரோ வீட்டில் பதிந்த கேசட்டுகளை நம்பியே இருக்க வேண்டியிருக்கிறது.

‘அ’ கேசட்டின் பூஞ்சை

ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி வட்டமாகத் தெரிந்தது. இந்த நிலையில் நல்ல டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும்.

கூட்டின் அடியில் ஐந்து திருகாணி. திருகாணியைக் கழற்றியதும் கேசட்டை நேராகத் திருப்பி வைத்து மேல்மூடியைத் தூக்குங்கள், கவிழ்ந்தபடியே திறந்தால் சுருள்களும் வழிகாட்டி உருளைகளும் சிதறும். சுருள்களைத் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் நாடா எந்த உருளைக்கு உள்ளே, எதற்கு வெளியே போகிறது என்ற குழப்பம் வராது. பொடியை முகமூடி போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், வறண்ட மெல்லிய தூரிகையால் துடைத்தோம். பிறகு இதற்கென்றே ஒதுக்கிய ஓட்டை டெக் ஒன்றில், நாடா போகும் வழியில் பஞ்சில்லாத துணியை மெதுவாக அணைத்துப் பிடித்து, முழுநீளமும் முன்னே ஒருமுறை பின்னே ஒருமுறை. 120 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 246 மீட்டர் நாடா இருக்கும். துணியை ஐந்தாறு முறை மாற்ற வேண்டி வந்தது.

கூடு பழசாகி நொறுங்கியிருந்ததால் வேறொரு வெற்றுக் கேசட்டின் கூட்டுக்கு மாற்றியாயிற்று. இரு முனையிலும் உள்ள கண்ணாடி போன்ற நாடாவை வெட்டிவிடக் கூடாது. அதன் வழியாக ஒளி போனால்தான் நாடா முடிந்துவிட்டது என்று டெக் நிற்கும். இல்லாவிட்டால் இழுத்துப் பிய்த்துவிடும்.

டெக்

இங்கேதான் நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளில் இருந்த டெக்குகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கானவை. அமெரிக்கக் கேசட் என்டிஎஸ்சி என்ற வேறு முறை: 525 கோடு, நொடிக்கு 29.97 பிரேம். சாதாரண பால் டெக்கில் போட்டால் படம் உருளும், ஒலி தாறுமாறாகும். வளைகுடாவிலிருந்து வந்த மல்டி சிஸ்டம் டெக்குகள் ஓட்டும், ஆனால் பலவற்றில் நிறத்தை 3.58 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 4.43-இல் வெளியே விடுவார்கள், டிவிக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. டெக்கின் படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கேப்சர் கருவிக்கு அது புரியாது. கறுப்பு வெள்ளையாகவே வரும். ‘கருவி கெட்டுப்போச்சு’ என்று தூக்கிப் போடுவதற்கு முன் டெக்கின் பின்பக்கத்திலோ மெனுவிலோ என்டிஎஸ்சி 3.58 என்ற தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அமெரிக்கச் சந்தை டெக் ஒன்றும் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரும்தான் வழி.

எல்பி கேசட்டுக்கு இன்னொரு தலைவலி. பிந்தைய நான்கு ஹெட் டெக்குகளில் ஒரு ஜோடி எஸ்பிக்கு, மற்றொன்று இபிக்கு. எஸ்பி தடம் 58 மைக்ரான் அகலம், இபி 19. நடுவில் 29 மைக்ரானில் இருக்கும் எல்பி அனாதை. மூன்று டெக்குகளில் ஓட்டிப் பார்த்ததில், விலை அதிகமான எஸ்-விஎச்எஸ் (உயர்தர விஎச்எஸ்) டெக்கைவிடப் பழைய சாதாரண டெக் ஒன்றில் ‘அ’ நிதானமாக ஓடியது. அந்த டெக்கில் டிபிசி (கோடுகளின் நேரத்தைச் சீராக்கும் சுற்று) கிடையாது என்பதால், கம்பங்களும் கதவு விளிம்புகளும் பாம்பு மாதிரி நெளிந்தன. இடையில் பானாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை வைத்து, பதிவு செய்யாமல் சும்மா கடந்துபோக விட்டதும் நெளிவு பெரும்பாலும் நின்றது.

ஹெட் துடைப்பது பற்றி: 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், மான்தோல் குச்சி. காது குடையும் பஞ்சு வேண்டாம், இழை ஹெட்டில் சிக்கிப் பெயர்த்துவிடும். குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போயே போச்சு.

கேப்சர்

விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் 720-க்கு 480 பிக்சல், 4:2:2 நிறம், ஹஃப்யுவ் (தரம் குறையாத சுருக்கம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட். மணிக்கு 35 ஜிபி பக்கம் வரும். இரண்டு மணி நேரத்துக்கு 70, ஒரே கேசட்டை மூன்று முறை ஓட்டினால் 210. நேரடியாக எம்பி4 ஆக எடுப்பவர்கள் பின்னால் எதையும் சரி செய்ய முடியாது என்று தெரிந்தே எடுக்கட்டும்.

வெளிச்ச அளவை எங்கே வைத்துச் சரிபார்ப்பது என்பது முக்கியம். தொடக்கத்தில் வரும் இருட்டு வூக்கி வீட்டில் வைத்து அமைத்தால் கடைசியில் வசமாக மாட்டுவீர்கள். கடைசிக் காட்சியில் வூக்கிகள் சிவப்பு அங்கி போட்டு, ஒளிரும் உருண்டையைக் கையில் பிடித்து வரிசையாக நடப்பார்கள். முதல் ஓட்டத்தில் அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் பொட்டாக வெந்துபோயிருந்தன. அந்த இடத்துக்கு நாடாவை ஓட்டி, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் வெள்ளை 235-ஐத் தாண்டாதபடி கான்ட்ராஸ்டைக் குறைத்த பிறகு உருண்டைக்குள் ஒரு மங்கலான வளையம் தெரிந்தது. அதன்பின் தொடக்கத்திலிருந்து மறு ஓட்டம்.

மூன்று ஓட்டத்தின் நடுமதிப்பு

ஒரே கேசட்டை மூன்று முறை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் புள்ளியும் கோடும் வேறு வேறு இடத்தில் விழும். மூன்று கேப்சரையும் பிரேமுக்குப் பிரேம் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று மதிப்பில் நடுவில் உள்ளதை எடுத்தால், ஒரு ஓட்டத்தில் மட்டும் விழுந்த குறை காணாமல் போகும். சராசரி எடுக்காதீர்கள். சராசரியில் வெள்ளைக் கீற்று மங்கலாகவாவது நிற்கும், நடுமதிப்பில் அடியோடு போய்விடும். நாடாவிலேயே காந்தப்பூச்சு உதிர்ந்த இடம் மட்டும் மூன்றிலும் அப்படியேதான் இருக்கும். அதற்கு வேறு கேசட்டின் படம்தான் மருந்து.

கெடுவது எங்கே? கேப்சரில் ஒரே ஒரு பிரேம் தவறினாலும் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு பிரேம் தள்ளிப்போய், அசையும் உருவமெல்லாம் இரட்டையாகத் தெரியும். இரண்டாம் ஓட்டத்தில் அதுதான் நடந்தது. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் வரும் கறுப்புத் திரையைப் பொருத்தக் குறியாக வைத்து, துண்டு துண்டாகப் பொருத்தினால் ஒரு துண்டின் தவறு அடுத்ததற்குத் தாவாது.

ஒரே மருந்து ஒத்துவராது

இணையத்தில் சுற்றும் பல பிரதிகள் கெட்டுப்போனதற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கட்சி. நிகழ்ச்சியின் பெரும்பகுதி வீடியோ கேமராவில் எடுத்தது, நொடிக்கு 59.94 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளால் ஆன அரைப் பிரேம்), ஒவ்வொன்றும் தனிக் கணம். ஆனால் 1977 படத்திலிருந்து எடுத்துச் செருகிய விண்கலக் காட்சிகளும், டொராண்டோவின் நெல்வானா நிறுவனம் செய்த கார்ட்டூனும் பிலிமில் எடுத்தவை; 24 பிரேமை, ஒன்றுக்கு மூன்று ஃபீல்டு, அடுத்ததற்கு இரண்டு என 3:2 ஆக நீட்டி ஒளிபரப்பியது. இரண்டையும் ஒரே வடிகட்டியில் போட்டால் ஒன்று நிச்சயம் கெடும்.

ஹார்வி கோர்மன் நான்கு கைச் சமையல்காரியாக வரும் காட்சியில் பாருங்கள். கிளறு, அடி, கிளறு, அடி என்று வேகம் கூடிக்கொண்டே போகும். 29.97 பிரேமாகச் சுருக்கினால் கை வெட்டி வெட்டிப் போகும். ஃபீல்டுகளை முழுப் பிரேமாக்கும் க்யூடிஜிஎம்சி என்ற நிரலின் ‘ஸ்லோ’ அமைப்பில் 59.94 ஆக விரித்தால், அன்றைக்கு டிவியில் ஓடிய வழவழப்பு அப்படியே வரும். அதே க்யூடிஜிஎம்சியைக் கார்ட்டூனில் போட்டால் கறுப்புக் கோடுகள் மெழுகாக உருகும். கார்ட்டூனுக்கு ஃபீல்டுகளைப் பொருத்தி, ஐந்துக்கு ஒரு பிரேமைக் கழித்து, 23.976-க்குக் கொண்டுவர வேண்டும். பரிசுப் பணத்துக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட் திரையில் முதலில் தோன்றியது இந்தக் கார்ட்டூனில்தான் என்பதால் கவனமாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் அதிகம்.

கடைசிக் கோப்பு ஒரே வேகத்தில் இருக்க வேண்டுமே? பிலிம் பகுதியின் பிரேம்களை இரண்டு முறை, மூன்று முறை, இரண்டு முறை என்று மாற்றி மாற்றித் திரும்பப் போட்டால் அதுவும் 59.94 ஆகிவிடும். துண்டுகளை வரிசையாக ஒட்டிவிடலாம்.

ஃபீல்டு வரிசையை முதலிலேயே உறுதி செய்யுங்கள். ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்தினால், நடப்பவர் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போனால் வரிசை தலைகீழ் என்று பொருள்.

சிவப்பு அங்கி

விஎச்எஸ்ஸில் நிறம் ஒளியைவிடப் பல மடங்கு மங்கல். நகல் எடுக்க எடுக்க நிறம் கீழே இறங்கும், வலப்பக்கம் சாயும். ‘ஆ’ கேசட்டில் லைஃப் டே காட்சியை நிறுத்திப் பார்த்தால் தோள்பட்டையில் சிவப்பே இல்லை, அங்கிக்குக் கீழே தரையில் சிவப்பு வழிந்து நிற்கிறது. நிறத்தை மட்டும் நான்கு கோடு மேலே, இரண்டு பிக்சல் இடப்பக்கம் நகர்த்தியதும் அங்கி உடம்பில் ஏறியது. ஃபீல்டு பிரிக்காத நிலையில் நகர்த்துவதானால் இரட்டைப்படை எண்ணாகவே நகர்த்த வேண்டும். ஒற்றைப்படையில் நகர்த்தினால் ஒரு ஃபீல்டின் நிறம் மற்றதில் ஏறிக்கொள்ளும். ‘அ’வுக்கு இது தேவைப்படவில்லை. ஜெஃபர்சன் ஸ்டார்ஷிப் பாடும் ஊதா வெளிச்சக் காட்சியை எந்த மருந்தாலும் தெளிவாக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

ஒலி

படம் ‘அ’விலிருந்து, ஒலி ‘இ’யின் ஹை-ஃபை தடத்திலிருந்து என்றுதான் திட்டம். கேட்டால், ‘இ’ தனக்கு முந்தைய கேசட்டின் இரைச்சலைத்தான் சுத்தமாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஆக ஒலியும் ‘அ’தான்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்கத்தை 12 டெசிபெல்லில் போட்டபோது மல்லாவின் உறுமல்கள் பாதியில் அறுந்தன. வூக்கியின் உறுமலும் நாடா இரைச்சலும் மென்பொருளுக்கு ஒரே சாதி. வசனமே இல்லாத முதல் வீட்டுக் காட்சியில் உறுமலும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? 6 டெசிபெல், அதற்கு மேல் வேண்டாம். இரைச்சல் மாதிரியை நிகழ்ச்சிக்கு முந்தைய கறுப்புத் திரையிலிருந்து எடுங்கள். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முனகலைத் தனியாக வெட்டலாம். 50 ஹெர்ட்ஸும் சேர்ந்து கேட்டால் இடையில் அமெரிக்காவுக்கு வெளியே ஒரு நகல் எடுக்கப்பட்டிருக்கலாம்.

விளம்பரங்கள்

வெட்டவில்லை. விளம்பரம் கழித்தால் நிகழ்ச்சி ஏறக்குறைய 97 நிமிடம், மீதி இருபதுக்கும் மேற்பட்ட நிமிடம் அந்த வெள்ளிக்கிழமை இரவுக்கே உரியது. வழக்கமான தொடர்களான வொண்டர் வுமனும் இன்கிரெடிபிள் ஹல்க்கும் இன்றிரவு வராது என்று தொடக்கத்தில் அறிவிப்பு வருமே, அதை நறுக்கிவிட்டு மீதியை மட்டும் பாதுகாப்பதில் அர்த்தமில்லை. கார்ட்டூன் மட்டும் வேண்டுமென்றால் 2021 முதல் டிஸ்னி பிளஸ்ஸிலேயே நல்ல தரத்தில் கிடைக்கிறது, அதற்குக் கேசட்டைத் தொடவே தேவையில்லை. விளம்பரங்களிலும் பாதி பிலிம், பாதி வீடியோ. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தாயிற்று, பொறுமை வேண்டும்.

இன்னும் முடியாதது: கார்ட்டூனில் வெட்டு விழும் இடங்களில் 3:2 தாளம் உடைந்து ஒரு பிரேம் சீப்பு மாதிரி பல் காட்டுகிறது. தானியங்கி அமைப்பு இவற்றைத் தவறவிடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் எந்த ஃபீல்டு எதனுடன் சேர வேண்டும் என்று கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம், பாதிக் கார்ட்டூன் தாண்டியிருக்கிறது. ‘அ’ கேசட் இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நெட்டுக்குத்தாக நிறுத்திய டப்பாவில்.